ஓசையின்றிப் பறிபோகும் பார்வை: காலந்தாழ்த்தாத பரிசோதனையே காப்பு

ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் உலக குளுக்கோமா வாரம் அனுஷ்டிக்கப்பட்டு வருகின்றது. 2008 ஆம் ஆண்டு மார்ச் 6 ஆம் திகதி ஒருநாள் நிகழ்வாக ஆரம்பிக்கப்பட்ட இது, 2010 ஆம் ஆண்டிலிருந்து ஒரு வாரமாக விரிவுபடுத்தப்பட்டது. அந்த வாரத்தில் பதாதைகள் கட்டப்படுவதும், நகரங்களில் இலவச கண் பரிசோதனை முகாம்கள் நடத்தப்படுவதும், பத்திரிகைகளுக்கு அறிக்கைகள் அனுப்பி வைக்கப்படுவதும் வழமையானவையே. ஆனால் வாரம் முடிந்ததும் அந்த நோயும் மறக்கப்பட்டு விடுகின்றது. எஞ்சிய ஐம்பத்தொரு வாரங்களிலும் அது தனது வேலையைச் சத்தமின்றிச் செய்து கொண்டேயிருக்கின்றது என்பதை எவரும் எண்ணிப் பார்ப்பதாகத் தெரியவில்லை.

கண்ணமுக்க நோய் என்று எம்மவர்களால் அழைக்கப்படும் குளுக்கோமா, உலகில் மீட்க முடியாத பார்வையிழப்பை ஏற்படுத்தும் நோய்களுள் முதலிடத்தை வகிக்கின்றது. 2014 ஆம் ஆண்டு வெளியான சர்வதேச ஆய்வொன்றின் மதிப்பீட்டின்படி, 2013 இல் 40 வயதுக்கும் 80 வயதுக்கும் இடைப்பட்டோரில் 6 கோடியே 43 இலட்சம் பேர் இந்நோயினால் பீடிக்கப்பட்டிருந்தனர். 2040 இல் இத்தொகை 11 கோடியே 18 இலட்சமாக உயரக்கூடும் என்றும் அதே ஆய்வு எதிர்வு கூறியிருந்தது. நோயாளிகளில் அரைப்பங்கிற்கும் அதிகமானோர் ஆசியாவைச் சேர்ந்தவர்கள் என்பது எம்மைப் பொறுத்தவரையில் விசேடமாகக் கவனிக்கத்தக்கதாகும்.

"மீட்க முடியாத" என்ற சொல்லை நாம் இங்கு வேண்டுமென்றே அழுத்திக் கூறுகின்றோம். கண்புரையினால் பார்வை மங்கிய ஒருவருக்கு மங்கிய வில்லையை அகற்றிச் செயற்கை வில்லையைப் பொருத்தினால் பார்வை திரும்பி விடுகின்றது. விழிவெண்படலம் பழுதடைந்தவருக்குத் தானமாகக் கிடைக்கும் படலத்தைப் பொருத்த முடிகின்றது. இவ்விடயத்தில் எமது நாடு உலகுக்கே முன்மாதிரியாக விளங்குகின்றது. டாக்டர் ஹட்சன் சில்வா 1961 இல் ஆரம்பித்த இலங்கை கண் தான சங்கம் 50 இற்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் பல்லாயிரக்கணக்கான விழிவெண்படலங்களை அனுப்பி வைத்துள்ளது. ஆனால் குளுக்கோமா அழிப்பது வில்லையையோ வெண்படலத்தையோ அல்ல. கண்ணிலிருந்து மூளைக்குக் காட்சியை எடுத்துச் செல்லும் பார்வை நரம்பையே அது அழிக்கின்றது. நரம்பைத் தானமாகப் பெற்றுப் பொருத்தும் வழி இன்றுவரை எந்த நாட்டிலும் கிடையாது. உலகுக்கே கண்களை வழங்கிய ஒரு தேசம், தனது மக்களின் கண்கள் இவ்வாறு அணைந்து போவதைத் தடுப்பதில் எந்தளவுக்கு அக்கறை காட்டுகின்றது என்பதே இன்று எழுப்பப்பட வேண்டிய கேள்வியாகும்.

நோயின் தன்மை

கண்ணின் முற்பகுதியில் நீர்மயவுடனீர் என்னும் தெளிந்த திரவம் இடையறாது சுரந்து, கதிராளிக்கும் வெண்படலத்திற்கும் இடைப்பட்ட கோணத்திலுள்ள சல்லடை போன்ற இழையத்தின் ஊடாக வடிந்து செல்கின்றது. சுரப்பும் வடிகாலும் சமநிலையில் இருக்கும்வரை கண்ணினுள் நிலவும் அமுக்கம் பொதுவாக 10 இற்கும் 21 மில்லிமீற்றர் இரசத்திற்கும் இடையில் இருக்கும். வடிகாலில் தடை ஏற்படுமாயின் அமுக்கம் உயர்கின்றது. அந்த அமுக்கம் கண்ணின் பின்புறத்தில் பார்வை நரம்பு வெளியேறும் இடத்தைத் தாக்குகின்றது. ஏறத்தாழ 10 முதல் 12 இலட்சம் வரையான நுண்ணிய நார்களைக் கொண்ட அந்த நரம்பு சிறுகச் சிறுக அழியத் தொடங்குகின்றது.

இந்நோய் பிரதானமாக இரு வகைப்படும். வடிகால் கோணம் திறந்திருக்கும்போதே ஏற்படும் வகை மிகவும் பரவலானது. இதில் வலியில்லை, சிவப்பில்லை, கண்ணீர் வடிவதில்லை. கோணம் மூடிக்கொள்வதனால் ஏற்படும் மற்றைய வகை ஆசிய மக்களிடையே கூடுதலாகக் காணப்படுகின்றது. அது சில வேளைகளில் திடீரெனத் தாக்கும். கடுமையான கண்வலி, தலைவலி, வாந்தி, விளக்குகளைச் சுற்றி வானவில் போன்ற வளையங்கள் தோன்றுதல் என்பன அதன் அறிகுறிகளாகும். வாந்தியைக் கண்டு வயிற்றுக் கோளாறு என்றோ, தலைவலியைக் கண்டு ஒற்றைத் தலைவலி என்றோ எண்ணி வீட்டிலேயே ஓரிரு நாட்களைக் கழிப்பவர்கள் அந்த ஓரிரு நாட்களுக்குள்ளேயே பார்வையை இழந்து விடக்கூடும். இத்தகைய அறிகுறிகளுடன் கண்ணும் சிவந்திருக்குமாயின் உடனடியாக வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

ஆயினும் சமூகத்துக்குப் பெருஞ்சேதத்தை விளைவிப்பது சத்தமின்றி வரும் முதலாவது வகையே. அது பார்வையை ஓரங்களிலிருந்து அரித்துக்கொண்டு வருகின்றது. நேரே உள்ளவை தெளிவாகத் தெரிவதனால் நோயாளி பத்திரிகை வாசிக்கின்றார், ஊசியில் நூல் கோக்கின்றார், வைத்தியசாலையில் எழுத்துப் பலகையின் கடைசி வரி வரை வாசித்தும் காட்டுகின்றார். ஒரு கண்ணில் இழந்ததை மற்றைய கண் ஈடு செய்கின்றது. இரு கண்களும் இழந்ததை மூளை தானே நிரப்பிக் கொள்கின்றது. பக்கத்தில் வந்த சைக்கிளைக் காணாமல் மோதுவதும், படிக்கட்டில் கால் தவறுவதும் வயோதிபத்தின் விளைவு என்றே கருதப்படுகின்றன. தமக்கு நோயிருப்பதை அவர் உணரும் வேளையில் நரம்பின் பெரும்பகுதி ஏற்கனவே அழிந்து போயிருக்கும்.

இதற்கு விஞ்ஞான ரீதியான ஆதாரம் நீண்ட காலத்திற்கு முன்பே கிடைத்து விட்டது. பார்வைப் புலத்தில் குறைபாடு வெளித்தெரிவதற்கு முன்னரே நரம்பு நார்களில் 40 வீதம் வரை அழிந்து போயிருக்கக்கூடும் என்பதை 1982 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று எடுத்துக்காட்டியது. எமக்கு அயலில், மரபுவழியிலும் வாழ்க்கை முறையிலும் எம்மோடு பெரிதும் ஒத்துப்போகின்ற தமிழக மக்களிடையே நடத்தப்பட்ட ஆய்வுகளும் கவலை தருபவையே. மதுரை அரவிந்த் கண் வைத்தியசாலை தென்மாவட்டங்களில் நடத்திய ஆய்விலும், சென்னை சங்கர நேத்ராலயா சென்னை நகரிலும் சுற்றுப்புறக் கிராமங்களிலும் நடத்திய ஆய்விலும் குளுக்கோமா இருப்பதாகக் கண்டறியப்பட்டவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கும் அதிகமானோருக்கு அந்நோய் அதற்கு முன்னர் கண்டறியப்பட்டிருக்கவில்லை. மருத்துவ வசதிகளுக்குப் பெயர்போன சென்னை நகரிலேயே நிலைமை இதுவென்றால், மன்னாரிலும் மூதூரிலும் மஸ்கெலியாவிலும் நிலைமை எவ்வாறிருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக் கொள்ளலாம்.

நிபுணரின் கண் காண்பது என்ன?

குளுக்கோமாவைக் கண்டறிவதென்றால் கண்ணின் அமுக்கத்தை அளந்தால் போதுமானது என்ற எண்ணம் மக்களிடையே மட்டுமன்றி, சில சிகிச்சை நிலையங்களிலும் நிலவுகின்றது. இது தவறானது. அமுக்கம் சாதாரண அளவில் இருக்கும்போதே நரம்பு அழிந்து கொண்டிருக்கும் நோயாளிகள் பலர் உள்ளனர். மறுபுறத்தில் அமுக்கம் சற்று உயர்ந்திருந்தும் வாழ்நாள் முழுவதும் பாதிப்பின்றி இருப்பவர்களும் உண்டு. வெண்படலம் மெல்லியதாக இருப்பவர்களில் கருவி காட்டும் அளவு உண்மையைவிடக் குறைவாகவும், தடிப்பாக இருப்பவர்களில் கூடுதலாகவும் இருக்கும். எனவே ஒரே ஓர் எண்ணை வைத்துக்கொண்டு "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று ஒருவரை வீட்டுக்கு அனுப்பி விடுவது ஆபத்தானதாகும்.

முறையான பரிசோதனை என்பது பல படிகளைக் கொண்டது. முதலாவது, அமுக்கத்தை அளத்தல். 1950 களில் கோல்ட்மன் வடிவமைத்த, வெண்படலத்தைத் தொட்டு அளக்கும் கருவியே இன்றும் இதற்கான நியம அளவுகோலாகக் கருதப்படுகின்றது. இரண்டாவது, வெண்படலத்தின் தடிப்பை அளத்தல். மூன்றாவது, கண்ணாடிகள் பொருத்தப்பட்ட விசேட வில்லையைக் கண்ணில் வைத்து, வடிகால் கோணம் திறந்துள்ளதா மூடியுள்ளதா என நேரில் பார்த்தல். நான்காவது, கண்மணியை விரியச் செய்து பார்வை நரம்பின் தலைப்பகுதியை உற்று நோக்குதல். ஐந்தாவது, பார்வைப் புலத்தை அளத்தல்.

இவற்றுள் நான்காவதே வைத்தியரின் அனுபவத்தை மிகவும் வேண்டி நிற்பதாகும். 1851 இல் ஜேர்மனிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ், உயிருள்ள மனிதனின் கண்ணின் உட்புறத்தைப் பார்க்கும் கருவியை உலகுக்கு அறிமுகப்படுத்தினார். அதன் பின்னரே இந்நோயில் நரம்பின் தலைப்பகுதி குழிந்து போவதை வைத்தியர்களால் காண முடிந்தது. ஒரு கிண்ணத்தின் விளிம்பைப் போன்று அமைந்துள்ள நரம்பு இழையம் எவ்விடத்தில் மெலிந்துள்ளது, விளிம்பில் தீக்குச்சிக் கீற்றுப்போன்ற சிறு இரத்தக் கசிவு உள்ளதா, இரு கண்களின் குழிவுகளுக்கிடையே வேறுபாடு உள்ளதா என்பவற்றையெல்லாம் தேர்ந்த நிபுணர் ஓரிரு நிமிடங்களில் கவனித்து விடுகின்றார். ஆனால் இங்கும் ஒரு சிக்கல் உண்டு. ஒரே நரம்பைப் பார்க்கும் இரு நிபுணர்கள் இருவேறு முடிவுகளுக்கு வரக்கூடும். இன்று பார்த்ததை மூன்று வருடங்களின் பின்னர் மீண்டும் பார்க்கும்போது, மாற்றம் ஏற்பட்டுள்ளதா என்பதை நினைவிலிருந்தோ, கோப்பில் கையால் வரைந்து வைத்த படத்திலிருந்தோ நிச்சயிப்பது எளிதல்ல. இந்த இடைவெளியை நிரப்பவே படமெடுக்கும் தொழில்நுட்பம் வந்து சேர்ந்தது.

ஒளியால் வெட்டிப் பார்க்கும் கருவி

1991 ஆம் ஆண்டு மசாசுசெட்ஸ் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தைச் சார்ந்த ஆய்வாளர்களான டேவிட் ஹுவாங், எரிக் ஸ்வான்சன், ஜேம்ஸ் புஜிமோட்டோ உள்ளிட்ட குழுவினர் புதியதொரு படமெடுக்கும் முறையை வெளியிட்டனர். ஓ.சி.ரி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் இம்முறையானது அல்ட்ராசவுண்ட் பரிசோதனையை ஒத்தது. அங்கு ஒலி அனுப்பப்படுகின்றது, இங்கு கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளி அனுப்பப்படுகின்றது. விழித்திரையின் ஒவ்வொரு படையிலிருந்தும் தெறித்து வரும் ஒளியை ஆராய்ந்து, கத்தியால் வெட்டிப் பார்த்தாற்போன்ற குறுக்குவெட்டுப் படத்தைக் கணினி அமைத்துத் தருகின்றது. 1990 களின் நடுப்பகுதியில் வைத்தியசாலைப் பாவனைக்கு வந்த இக்கருவி, இன்று 5 மைக்ரோன் அளவுக்கு நுட்பமாகப் பிரித்தறியும் ஆற்றலைப் பெற்றுள்ளது. தலைமயிர் ஒன்றின் தடிப்பில் பத்திலொரு பங்கிற்கும் குறைவான அளவு இதுவாகும். இக்கண்டுபிடிப்புக்காக மேற்படி மூவருக்கும் 2023 இல் அமெரிக்காவின் உயரிய மருத்துவ விருதான லஸ்கர் விருது வழங்கப்பட்டது.

குளுக்கோமாவைப் பொறுத்தவரையில் இதன் பயன் யாதெனில், பார்வை நரம்பைச் சூழவுள்ள நரம்பு நார்ப் படையின் தடிப்பை இக்கருவி எண்ணளவில் தந்து விடுகின்றது. ஆரோக்கியமான கண்ணில் சராசரியாக 100 மைக்ரோன் அளவில் உள்ள அப்படை மெலியத் தொடங்குவதை, நோயாளி எவ்வித குறையையும் உணர்வதற்குப் பல வருடங்களுக்கு முன்னரே அறிந்து கொள்ள முடிகின்றது. ஆறு மாதங்கள் கழித்தோ ஒரு வருடம் கழித்தோ மீண்டும் எடுக்கப்படும் படத்துடன் ஒப்பிட்டு, நோய் நிலைத்து நிற்கின்றதா முன்னேறுகின்றதா என்பதையும் கூற முடிகின்றது. வலி இல்லை, ஊசி இல்லை, கண்ணைத் தொடுவதும் இல்லை. சில நிமிடங்களில் காரியம் முடிந்து விடுகின்றது.

எமது வாசகர்களுக்கு மிகவும் பொருத்தமான இன்னொரு விடயமும் இதில் உண்டு. பார்வைப் புலப் பரிசோதனையின்போது நோயாளி ஒரு புள்ளியை மாத்திரம் நோக்கியபடி, ஓரங்களில் மின்னும் சிறு ஒளிகளைக் காணும்தோறும் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாக விளக்கப்படாவிட்டால் பெறுபேறு பிழைத்து விடும். தமிழ் மட்டுமே தெரிந்த ஒரு முதியவருக்குத் தமிழ் தெரியாத ஓர் ஊழியர் சைகையால் விளக்கி நடத்தும் பரிசோதனையின் பெறுபேறு, அந்த முதியவரின் நரம்பின் நிலையைக் காட்டுவதைவிட எமது அரசகரும மொழிக் கொள்கையின் நிலையையே காட்டுவதாக அமையும். 1987 இன் 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின் மூலம் தமிழும் அரசகரும மொழியாக்கப்பட்டுள்ள ஒரு நாட்டில் இது சலுகை சார்ந்த விடயமல்ல. நோய் நிர்ணயம் சரியாக அமைவதற்கான அடிப்படைத் தேவையாகும். ஓ.சி.ரி. கருவியோ நோயாளியிடம் கேள்வி எதனையும் கேட்பதில்லை. எனினும் அதனைக் காரணமாகக் கொண்டு புலப் பரிசோதனையைக் கைவிட்டுவிட முடியாது. நோய் முற்றிய நிலையில் நரம்புப் படை ஓர் எல்லைக்கு மேல் மெலிய முடியாதாகையால், அதன் பின்னர் ஏற்படும் இழப்பைப் புலப் பரிசோதனையே காட்டித் தருகின்றது.

கருவியை வழிபடுவதும் தவறு

எந்தவொரு புதிய கருவியையும் கண்டு வியந்து, அதுவே வைத்தியரின் இடத்தைப் பிடித்துவிடும் என எண்ணுவது ஒருவகை மயக்கமாகும். ஓ.சி.ரி. கருவி தான் அளந்த தடிப்பை, தன்னுள் சேமிக்கப்பட்டுள்ள ஆரோக்கியமானோரின் தரவுகளுடன் ஒப்பிட்டு, பச்சை, மஞ்சள், சிவப்பு என நிறம் காட்டுகின்றது. கிட்டப்பார்வை அதிகமுள்ளவர்களின் கண் அமைப்பு இயல்பாகவே வேறுபட்டது. அவர்களில் பலருக்கு நோயில்லாமலேயே சிவப்பு நிறம் தோன்றி விடுகின்றது. இதனைக் கண் வைத்தியர்கள் வேடிக்கையாக "சிவப்பு நோய்" என்று அழைப்பதுண்டு. மறுபுறம் பச்சை நிறத்தைக் கண்டு ஏமாந்து உண்மையான நோயைத் தவறவிடும் ஆபத்தும் உண்டு. கண்புரை மூடியிருந்தாலோ, கண் உலர்ந்திருந்தாலோ, படமெடுக்கும்போது கண் அசைந்தாலோ அளவு பிழைத்து விடும்.

ஆதலால் கருவி தரும் அச்சுப்பிரதி ஒரு சாட்சியே அன்றி, அது தீர்ப்பாகி விடாது. அமுக்கம், கோணம், நரம்பின் தோற்றம், புலப் பரிசோதனை, குடும்ப வரலாறு ஆகிய அனைத்தையும் அருகருகே வைத்து முடிவு காண வேண்டியவர் நிபுணரே. பணம் கட்டிப் படமெடுத்து, நிறத்தைப் பார்த்துத் தாமே முடிவுக்கு வரும் போக்கும், படம் எடுத்தாயிற்று என்பதற்காக நிபுணரிடம் செல்லாமல் விடும் போக்கும் சமமாகவே கேடு விளைவிப்பவை. விழித்திரைப் படங்களைச் செயற்கை நுண்ணறிவின் உதவியோடு ஆராயும் முறைகளுக்கும் இதுவே பொருந்தும். நிபுணர் இல்லாத பிரதேசங்களில் யாரை முதலில் அனுப்புவது என்பதைத் தெரிவு செய்ய அவை உதவலாம். ஆனால் அனுப்பப்படும் இடத்தில் நிபுணர் ஒருவர் இருத்தல் வேண்டும்.

முன்கூட்டியே அறிவதனால் ஆவதென்ன?

குணப்படுத்த முடியாத நோயை முன்கூட்டியே அறிந்து என்ன பயன் என்று சிலர் கேட்கக்கூடும். இக்கேள்விக்குத் திட்டவட்டமான பதில் உண்டு. கண்ணமுக்கம் உயர்ந்திருந்தும் நரம்பு பாதிக்கப்படாதிருந்த 1,636 பேரை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வொன்றின் பெறுபேறுகள் 2002 இல் வெளியாகின. ஐந்து வருடங்களில், சிகிச்சையளிக்கப்படாதோரில் 9.5 வீதமானோருக்குக் குளுக்கோமா ஏற்பட்டது. துளி மருந்து பெற்றோரில் இது 4.4 வீதமாக மாத்திரமே இருந்தது. சுவீடன் ஆய்வொன்று, ஆரம்ப நிலையிலுள்ள நோயாளிகளில் அமுக்கம் ஒரு மில்லிமீற்றர் குறையும்தோறும் நோய் முன்னேறும் அபாயம் சுமார் 10 வீதத்தால் குறைவதை எடுத்துக்காட்டியது. பிரித்தானியாவில் 718 நோயாளிகளிடையே நடத்தப்பட்டு 2019 இல் வெளியான ஆய்வில், முதற் சிகிச்சையாக லேசர் பெற்றவர்களில் நான்கில் மூன்று பங்கினர் மூன்று வருடங்களின் பின்னரும் துளி மருந்தின்றி அமுக்கத்தைக் கட்டுப்பாட்டில் வைத்திருந்தனர். இழந்ததை மீட்க முடியாது என்பது உண்மையே. ஆனால் இருப்பதைக் காப்பாற்ற முடியும் என்பதும் அதேயளவுக்கு உண்மையாகும். ஆகையால் எந்தக் கட்டத்தில் நோய் கண்டறியப்படுகின்றது என்பதே ஒருவரின் எஞ்சிய வாழ்நாளின் பார்வையைத் தீர்மானிக்கின்றது.

எமது நாட்டுக்கு ஏற்ற வழி

அவ்வாறாயின் நாட்டு மக்கள் அனைவரையும் அழைத்துப் பரிசோதித்து விடலாமா? இதுவும் ஆராயப்பட வேண்டிய கேள்வியே. வளங்கள் மிகுந்த அமெரிக்காவிலேயே, நோயறிகுறியற்ற வயது வந்தோர் அனைவரையும் பரிசோதிப்பதன் நன்மை தீமைகளை நிச்சயிக்கப் போதிய சான்றுகள் இல்லையென்று அந்நாட்டின் நோய்த்தடுப்பு நிபுணர் குழு 2022 இல் தெரிவித்திருந்தது. நூறு பேரைப் பரிசோதித்துச் சிலரைக் கண்டறிவதற்காக, ஏற்கனவே நெருக்கடியிலுள்ள கண் சிகிச்சைப் பிரிவுகளைச் சந்தேக நோயாளிகளால் நிரப்பி விடுவது விவேகமாகாது. யாரிடம் அபாயம் கூடுதலாக உள்ளதோ அவர்களைத் தேடிச் செல்வதே எமக்கேற்ற வழியாகும்.

அவர்கள் யாவர் என்பது தெரிந்த விடயமே. முதலாவதாக, நோயாளியின் உடன்பிறந்தோரும் பிள்ளைகளும். நெதர்லாந்தின் ரொட்டர்டாம் நகரில் நடத்தப்பட்ட ஆய்வில், இத்தகைய இரத்த உறவினருக்கு வாழ்நாளில் இந்நோய் ஏற்படும் அபாயம் ஏனையோரைவிட ஏறத்தாழ ஒன்பது மடங்கு அதிகமாகக் காணப்பட்டது. ஆகவே கண் சிகிச்சை நிலையங்களில் இன்று சிகிச்சை பெற்றுவரும் ஒவ்வொரு குளுக்கோமா நோயாளியிடமும் "உங்கள் சகோதர சகோதரிகளை அழைத்து வாருங்கள்" என்று கூறுவதே மிகக் குறைந்த செலவில் செய்யக்கூடிய மிகப்பெரிய சேவையாகும். இரண்டாவதாக, நாற்பது வயதைக் கடந்த நீரிழிவு நோயாளர்கள். விழித்திரைப் பரிசோதனைக்கு எப்படியும் அவர்கள் அனுப்பப்பட வேண்டியவர்களே. அதே அமர்வில் நரம்பையும் அமுக்கத்தையும் பார்த்து விடலாம். தொற்றா நோய்களைக் கண்டறிவதற்காக சுகாதார அமைச்சினால் நாடெங்கும் நிறுவப்பட்டுள்ள ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில் குருதி அமுக்கத்தையும் சீனியின் அளவையும் பார்ப்பதோடு, கண் தொடர்பான இரண்டொரு கேள்விகளையும் சேர்த்துக் கொள்வதில் பெருஞ்செலவு எதுவும் ஏற்படப் போவதில்லை.

மூன்றாவதாக, ஸ்டீரொயிட் கலந்த கண் துளி மருந்துகளை நீண்டகாலம் பாவிப்பவர்கள். கண் அரிப்புக்கென்று ஒருமுறை எழுதிக் கொடுக்கப்பட்ட மருந்தை, வைத்தியரைக் காணாமலேயே பாமஸிகளில் மீண்டும் மீண்டும் வாங்கிப் பாவிக்கும் வழக்கம் கண்ணமுக்கத்தை உயர்த்திப் பார்வையைப் பறித்து விடும். சிறுவர்களும் இதற்கு விதிவிலக்கல்லர். வைத்தியரின் சிட்டையின்றி இத்தகைய மருந்துகள் விற்கப்படுவதைத் தடுப்பது அதிகாரிகளின் கடமையாகும்.

நான்காவது பிரிவினர் பற்றி எவரும் பேசுவதில்லை. முப்பது வருட யுத்தத்தில் குண்டுவெடிப்புகளிலும் ஷெல் வீச்சுகளிலும் முகத்திலும் கண்களிலும் அடிபட்டவர்கள் வடக்கிலும் கிழக்கிலும் எல்லைக் கிராமங்களிலும் பெருந்தொகையாக வாழ்கின்றனர். கண்ணில் பலமாக அடிபடும்போது வடிகால் கோணம் கிழிந்து, காயம் ஆறிப் பல வருடங்கள் கடந்த பின்னர் குளுக்கோமா தோன்றக்கூடும் என்பது மருத்துவம் அறிந்த உண்மையாகும். யுத்தம் 2009 இல் முடிவுற்றது. ஆனால் அதன் காயங்கள் இன்னும் முடிவுறவில்லை. அன்று பார்வை தப்பியது என்று நிம்மதியடைந்தவர்கள், இன்று நடுத்தர வயதில் அதனை இழக்கும் அபாயத்தில் இருக்கலாம். மாவட்ட வைத்தியசாலைகளின் கண் பிரிவுகள் இவர்களைத் தேடிப் பரிசோதிக்கும் விசேட ஏற்பாடொன்றை மேற்கொள்ள வேண்டும். தமிழர், முஸ்லிம், சிங்களவர், படைவீரர், பொதுமகன் என்ற பாகுபாடு இதில் இருக்கலாகாது.

கண்டறிந்த பின்னர்

நோயைக் கண்டறிவதோடு காரியம் முடிந்து விடுவதில்லை. துளி மருந்து வாழ்நாள் முழுவதும் விடப்பட வேண்டியது. அதனால் பார்வை கூர்மையடைவதாக நோயாளி உணரப் போவதில்லை. எரிச்சலையும் செலவையும் மாத்திரமே அவர் உணர்கின்றார். ஆகையால் பலர் சில மாதங்களிலேயே நிறுத்தி விடுகின்றனர். 2022 இன் பொருளாதார நெருக்கடியின்போது அத்தியாவசிய மருந்துகளுக்கே தட்டுப்பாடு நிலவியதையும், வைத்திய நிபுணர்கள் பலர் நாட்டை விட்டு வெளியேறியதையும் நாம் கண்டோம். 2023 இல் சத்திரசிகிச்சையின் பின்னர் வழங்கப்பட்ட கண் துளி மருந்தொன்றினால் நோயாளிகள் சிலரின் பார்வை பாதிக்கப்பட்ட சம்பவம், அரச வைத்தியசாலை மருந்துகளின் மீதான மக்களின் நம்பிக்கையை வெகுவாக அசைத்து விட்டது. தரமான மருந்து தடையின்றிக் கிடைப்பது உறுதி செய்யப்படாவிடின், எத்தனை கருவிகளை இறக்குமதி செய்தும் பயனில்லை.

தோட்டத் தொழிலாளிக்கு ஒருநாள் வைத்தியசாலைக்குச் செல்வதென்பது ஒருநாள் சம்பளத்தை இழப்பதாகும். கிழக்கின் கரையோர மீனவருக்கும் விவசாயிக்கும் இதே நிலைதான். எனவே அமுக்கம், புலப் பரிசோதனை, படம், நிபுணரின் ஆலோசனை ஆகிய அனைத்தும் ஒரே நாளில் ஒரே இடத்தில் முடியத்தக்க ஒழுங்கு செய்யப்பட வேண்டும். துளி மருந்தை எப்போது, எத்தனை துளி, எவ்வாறு விட வேண்டும் என்பது தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் கொடுக்கப்பட வேண்டும். டிமோலோல் போன்ற சில மருந்துகள் ஆஸ்துமா நோயாளர்களுக்கு ஆபத்தானவையாகையால், நோயாளி தனது ஏனைய நோய்களைப் பற்றி வைத்தியருடன் தன் மொழியில் பேச முடிவது உயிர் சார்ந்த விடயமாகின்றது.

முஸ்லிம் வாசகர்களின் கவனத்திற்கு ஒரு விடயத்தைக் குறிப்பிட விரும்புகின்றோம். றமழான் மாதத்தில் நோன்பு முறிந்து விடுமென்ற அச்சத்தில் கண் துளி மருந்தை ஒரு மாதம் முழுவதும் நிறுத்தி விடுபவர்கள் உள்ளனர். கண் துளி மருந்து நோன்பை முறிக்காது என ஜித்தாவிலுள்ள சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் பேரவை 1997 ஆம் ஆண்டிலேயே தீர்மானித்துள்ளது. மாற்றுக் கருத்தைப் பேணுவோரும், வைத்தியரின் ஆலோசனையுடன் ஸஹர் வேளையிலும் இப்தாருக்குப் பின்னரும் மருந்திடும் வகையில் நேரத்தை மாற்றிக் கொள்ளலாம். இரவில் ஒருமுறை மாத்திரம் விடப்படும் மருந்துகளும் உள்ளன. எமது உலமாக்கள் றமழானுக்கு முந்திய ஜும்ஆப் பிரசங்கங்களில் இதனைத் தெளிவுபடுத்துவார்களாயின் பலரது பார்வை காப்பாற்றப்படும். அவ்வாறே ஆலயத் திருவிழாக் காலங்களில் அறங்காவலர் சபைகளும், தேவாலயங்களும், சனசமூக நிலையங்களும் நாற்பது வயதைக் கடந்தோரைக் கண் பரிசோதனைக்குத் தூண்டும் பணியைப் பொறுப்பேற்கலாம்.

2012 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி எமது சனத்தொகையில் 12.4 வீதமானோர் அறுபது வயதைக் கடந்தவர்களாவர். அதன் பின்னர் இவ்வீதம் மேலும் உயர்ந்தே வந்துள்ளது. வயதுடன் கூடும் இந்நோய் எதிர்வரும் தசாப்தங்களில் எத்தகைய சுமையாக அமையும் என்பதை இதிலிருந்து உணர்ந்து கொள்ளலாம். பார்வையிழந்த ஒருவரைப் பராமரிப்பதற்கு வீட்டில் இன்னொருவர் வேலையை விட வேண்டியுள்ளது. அந்த இன்னொருவர் பெரும்பாலும் ஒரு மகளாகவோ மருமகளாகவோ இருக்கின்றார். இந்த இழப்பு எந்தவொரு வரவுசெலவுத் திட்டத்திலும் கணக்கிடப்படுவதில்லை.

கருவிகளை எந்தெந்த வைத்தியசாலைகளுக்கு வழங்குவது என்பதைத் தீர்மானிக்கும்போது, அவை தலைநகரையும் ஓரிரு பெருநகரங்களையும் சுற்றியே குவிக்கப்படாமல், மாகாணங்களின் தேவைக்கேற்பப் பகிரப்பட வேண்டும். கருவியுடன் அதனை இயக்கப் பயிற்றப்பட்டவரும், படத்தை வாசிக்கும் நிபுணரும், பழுதுபார்க்கும் ஏற்பாடும் சேர்ந்தே செல்ல வேண்டும். சுகாதார அமைச்சு இதற்கென மாகாண ரீதியான திட்டமொன்றை வகுத்து, அதன் முன்னேற்றத்தை ஆண்டுதோறும் பகிரங்கப்படுத்துவது அவசியமாகும். அதேவேளை, அரசாங்கம் செய்யும்வரை காத்திருக்கத் தேவையில்லாத கடமையொன்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் உண்டு. வீட்டில் யாருக்கேனும் இந்நோய் இருக்குமாயின், நாற்பது வயதைத் தாண்டிய உடன்பிறந்தோர் அனைவரும் இவ்வருடத்திலேயே ஒருமுறை கண் வைத்திய நிபுணரைக் கண்டு, தமது பார்வை நரம்பைப் பரிசோதித்துக் கொள்ள வேண்டும். நன்றாகத் தெரிகின்றதே என்பது அதனைத் தள்ளிப் போடுவதற்கான காரணமாகாது. நன்றாகத் தெரிகின்றபோதே செய்யப்பட வேண்டிய பரிசோதனை அது என்பதையே நாம் வலியுறுத்த விரும்புகின்றோம்.